இறைச்சி தொங்கிய கோபுரம்

ருமேனியாவின் திரான்சில்வேனியா பகுதியில் பல கிராமத் தேவாலயங்களுக்குக் கோட்டை மதில் உண்டு. முன்பு சில ஊர்களில், மதிலையொட்டிய கோபுரம் ஒன்றில் பன்றியிறைச்சியைப் பதப்படுத்தித் தொங்கவிட்டிருப்பார்கள். குறித்த நாளில் கதவு திறக்கும். அவரவர் பங்கை வெட்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். 12ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறத் தொடங்கிய சாக்சன்கள் என்னும் ஜெர்மானியர்கள், பின்னாளில் படையெடுப்புகளுக்கு அஞ்சிச் செய்துகொண்ட ஏற்பாடு இது. கோயிலே கோட்டை, கோயிலே களஞ்சியம்.

1989 டிசம்பரில் ருமேனியச் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது. மறு ஆண்டிலேயே, சாக்சன்கள் உள்ளிட்ட ருமேனியாவின் ஜெர்மானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்கள். வழிபட ஆளில்லாத கோயிலில் ஒழுகலைக் கவனிக்கவும் ஆளில்லை. ஒரு ஓடு நழுவும், மழை உள்ளே இறங்கும், உத்தரம் உளுத்துப்போகும், ஒருநாள் சுவரே உட்காரும். 2016 பிப்ரவரியில் ரோவாதெஷ், ரோட்பாவ் என்ற இரண்டு ஊர்களின் கோயில் கோபுரங்கள் ஒரே வாரத்துக்குள் சரிந்தன.

அதே ஆண்டு யூஜென் வைடா என்ற கட்டடக் கலைஞர் 'நினைவுச்சின்னங்களுக்கான ஆம்புலன்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். பெயருக்கேற்ற வேலைதான்: தளவாடங்கள் ஏற்றிய வண்டி ஒன்று ஊருக்குள் வரும். கூடவே தன்னார்வலர்கள், அவர்களில் பலர் மாணவர்கள். கைதேர்ந்த தச்சரிடமும் கொத்தரிடமும் பழைய தொழிலைக் கற்றுக்கொண்டே கூரையேறுவார்கள். முழுச் சீரமைப்புக்குப் பல ஆண்டும் பெரும் பணமும் வேண்டும். அதுவரை கட்டடம் உயிரோடிருக்க மழையைத் தடுத்தால் போதும். முதலுதவி என்பது அதுதான்.

இந்தத் தன்னார்வலர்களுக்குச் சோறும் படுக்க இடமும் தருவது உள்ளூரின் பொறுப்பு. இங்குதான் சங்கதி இருக்கிறது. இன்று அந்த ஊர்களில் பெரும்பாலும் இருப்பவர்கள் ருமேனியர்களும் ரோமா மக்களும். அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்லர். யாரோ விட்டுப்போன கட்டடத்துக்காகத் தம் வீட்டு அடுப்பை மூட்டும்போதே அது அவர்களுடையதாகத் தொடங்கிவிடுகிறது.

கூரை நின்றபின் என்ன செய்வது? ஆல்மா வீ கிராமம் ஒரு வழி காட்டியிருக்கிறது. மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளை சீரமைத்த அங்குள்ள கோட்டைத் தேவாலயம், இன்று ஊரின் பண்பாட்டுக் கூடமாகவும் விளங்குகிறது. இதைப் புதுமை என்கிறோம். இறைச்சியைக் கோபுரத்தில் தொங்கவிட்ட சாக்சன் கிழவி கேட்டால் சிரிப்பாள்: கோயில் என்றைக்குத்தான் கும்பிட மட்டும் இருந்தது?