இலண்டன் மாநகரின் தேசிய ஓவியக்கூடம்

பங்குக் கோயிலின் பீடத்திற்கு மேலே இருக்கும் திருப்படத்தை ஏழையும் காண்கிறார், செல்வரும் காண்கிறார். அதற்கு நுழைவுச் சீட்டு இல்லை. ஆனால் மாளிகைக் கூடத்தில் தொங்கும் படத்தை, அம்மாளிகைக்கு அழைக்கப்பட்டவர் மட்டுமே காண முடியும். ஐரோப்பாவின் பேரோவியங்கள் பல, கோயில் பீடத்துக்கென்றே தீட்டப்பட்டு, காலப்போக்கில் மாளிகைக்குள் சென்று மறைந்தவை. அவற்றை மீண்டும் எல்லோர் கண்முன்னும் கொண்டு வந்தவையே தேசிய ஓவியக்கூடங்கள். அவற்றுள் ஒன்றாகிய இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் வரலாற்றையும், அங்குள்ள சில செல்வங்களையும் நாம் இங்கே காண்போம்.

தோற்றம்

பாரிஸ் நகரின் லூவர், பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-ல், அரண்மனையின் கதவுகளைத் திறந்ததால் பிறந்தது. மாட்ரிட் நகரின் பிராடோ 1819-ல் அரச குடும்பத்தின் சேகரிப்பைக் கொண்டு தொடங்கப்பட்டது. இலண்டன் ஓவியக்கூடத்தின் பிறப்போ வேறு வகையானது. 1824-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்ற வணிகர் விட்டுச் சென்ற 38 ஓவியங்களை 57,000 பவுன் கொடுத்து மக்களுக்காக வாங்கியது. பால் மால் தெருவில் அவர் வாழ்ந்த வீடே முதல் ஓவியக்கூடமாயிற்று. அவ்வாண்டு மே 10-ஆம் நாள் அதன் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. சர் ஜார்ஜ் பூமாண்ட் என்னும் பெருமகனும் தம்முடைய ஓவியங்களை நாட்டுக்கு நன்கொடையாக அளித்தார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கர்ஸ்டைன் கடற்காப்பீட்டுத் தொழிலில் பொருள் ஈட்டியவர். அக்காலக் காப்பீட்டுத் தொழில் அடிமை வாணிகக் கப்பல்களையும் சார்ந்திருந்தது. அழகிய படங்களின் பின்னாலும் மனிதரின் கண்ணீர் இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஓவியக்கூடத்தின் பட்டியலில் முதல் எண் பெற்ற படம், செபஸ்தியானோ தெல் பியொம்போ தீட்டிய 'லாசர் உயிர்பெற்று எழுதல்' ஆகும். பிரான்சு நாட்டு நார்போன் பேராலயத்திற்கென்று தீட்டப்பட்ட பீடப்படம் இது. கோயிலிலிருந்து புறப்பட்டுச் செல்வர் கைகளில் உலவிய அப்படம், 1824-ல் மறுபடியும் மக்களிடம் வந்து சேர்ந்தது.

இடம் எது?

ஆங்கர்ஸ்டைனின் வீடு சிறியது. கூட்டம் பெருகவே, புதிய கட்டடம் வேண்டியதாயிற்று. நகரின் மேற்கில் செல்வர் வாழ்ந்தனர். கிழக்கில் உழைப்பாளர் வாழ்ந்தனர். மேற்கிலிருந்து வண்டியில் வருவோரும், கிழக்கிலிருந்து கால்நடையாக வருவோரும் ஒருங்கே சேரக்கூடிய இடமாக டிரபால்கர் சதுக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வில்லியம் வில்கின்ஸ் அமைத்த கட்டடம் 1838-ல் திறக்கப்பட்டது.

சில ஆண்டுகளில் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. நிலக்கரிப் புகை ஓவியங்களை மங்கச் செய்தது. கூட்டத்தின் மூச்சும் தூசியும் படங்களுக்குக் கேடு என்றனர் அறிஞர். மழைக்கு ஒதுங்கியவர்களும், கைக்குழந்தையோடு வந்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். தூய காற்றுள்ள புறநகருக்குப் படங்களைக் கொண்டு சென்றால் அவை நெடுநாள் வாழும். ஆனால் ஏழை மக்கள் அவ்வளவு தூரம் செல்வது எங்ஙனம்? 1857-ல் இதனை ஆராய்ந்தபோது, படங்கள் இருப்பதே நோக்கமன்று, மக்கள் அவற்றைக் கண்டு உயர்வு பெறுவதே நோக்கம் என்ற கருத்தே வென்றது. படங்கள் நகரின் நடுவிலேயே தங்கின. நிலையான சேகரிப்பைக் காண இன்றும் கட்டணம் இல்லை.

சேகரிப்பு

1855-ல் முதல் இயக்குநராக அமர்ந்தவர் சர் சார்லஸ் ஈஸ்ட்லேக். அவரே ஓர் ஓவியர். ஆண்டுதோறும் இத்தாலிக்குச் சென்று, கோயில்களிலும் வீடுகளிலும் படங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து வாங்கி வந்தார். பியேரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டிய 'கிறிஸ்துவின் திருமுழுக்கு' அவர் காலத்தில், 1861-ல், வந்து சேர்ந்தது. அதுவும் ஒரு கோயிலின் பீடப்படமே.

இன்று அங்கே 2,300-க்கு மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையுள்ள மேலை நாட்டு ஓவியக் கலையின் வளர்ச்சியை அவற்றில் படிப்படியாகக் காணலாம். சிலவற்றை மட்டும் சொல்வோம்.

'வில்டன் இரட்டைப் பலகை' புத்தகம்போல் மடித்து எடுத்துச் செல்லக்கூடிய சிறு படம். இரண்டாம் ரிச்சர்டு மன்னர் முழந்தாளிட்டுத் தேவதாயையும் குழந்தை இயேசுவையும் வணங்குகிறார். அன்னையைச் சூழ்ந்த 11 வானதூதர்களும் மன்னரின் வெள்ளை மான் சின்னத்தை அணிந்திருக்கிறார்கள்!

யான் வான் ஐக் 1434-ல் தீட்டிய 'அர்னோல்பினி' படத்தில் ஒரு கணவனும் மனைவியும் அறையில் நிற்கின்றனர். பின்சுவரில் ஒரு சிறு கண்ணாடி. அதன் சட்டத்தைச் சுற்றி 10 சிறு வட்டங்களில் நம் ஆண்டவரின் பாடுகள் தீட்டப்பட்டுள்ளன. கண்ணாடியின் அருகே செபமாலை ஒன்று தொங்குகிறது.

ஹோல்பைன் 1533-ல் தீட்டிய 'தூதுவர்கள்' படத்தில் பட்டாடை உடுத்திய இருவர், அறிவுக் கருவிகள் நிறைந்த மேசையருகே நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் சாய்ந்து கிடக்கும் விளங்காத வடிவத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், மண்டையோடு என்று தெரியும். படத்தின் இடப்புற மேல் மூலையில், திரைக்குப் பின்னே பாதி மறைந்து, பாடுபட்ட சுரூபம் இருக்கிறது. செல்வமும் கல்வியும் நிலையாதென்பதை ஒரு பெரிய பிரசங்கம்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா?

தேவதாய், குழந்தை இயேசு, புனித அன்னம்மாள், ஸ்நாபக அருளப்பர் ஆகியோரை லியோனார்டோ தா வின்சி கரியாலும் சுண்ணத்தாலும் வரைந்த பெரிய வரைபடம் 1962-ல் விலைக்கு வந்தது. விலை 800,000 பவுன். பொதுமக்களிடம் நிதி திரட்டி, அரசின் உதவியும் சேர்த்து, அதனை நாட்டுக்கே உரியதாக்கினர்.

போர்க்காலம்

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, படங்கள் அனைத்தும் புகைவண்டிகளில் வேல்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டன. கனடாவுக்குக் கப்பலில் அனுப்பலாமா என்ற யோசனையைப் பிரதமர் சர்ச்சில் ஏற்கவில்லை. 1941-ல் மானட் என்னுமிடத்திலிருந்த கற்பலகைச் சுரங்கத்தினுள் சிறு கட்டடங்கள் எழுப்பி, படங்களை வைத்தனர். வான் டைக் தீட்டிய மிகப் பெரிய குதிரைவீரர் படம் ஒரு பாலத்தின் அடியில் நுழையாததால், சாலையையே தோண்டித் தாழ்த்த நேர்ந்தது! சுரங்கத்தில் ஈரப்பதம் ஒரே சீராக இருந்ததால் படங்கள் நலமாக இருந்தன. ஓவியப் பாதுகாப்புக்கு அது நல்ல பாடமாயிற்று.

இலண்டனில் வெற்றுச் சுவர்கள் மிஞ்சின. மைரா ஹெஸ் என்ற பியானோ இசைமேதை, அந்த வெற்றுக் கூடத்தில் நண்பகல் இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். கட்டணம் ஒரு ஷில்லிங். கட்டடத்தின் மீது பலமுறை குண்டு விழுந்தும், ஆறரை ஆண்டுகளில் 1,600-க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடைபெற்றன.

ஆயினும் மக்கள் படங்களுக்காக ஏங்கினர். பாதுகாப்பா, பார்வையா என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 1942 முதல் மாதம் ஒரு படம் மட்டும் சுரங்கத்திலிருந்து இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. மக்கள் மிகவும் விரும்பிக் கேட்ட படங்களில் ஒன்று, டிஷியன் தீட்டிய 'என்னைத் தொடாதே'. உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிய மகதலா மரியாள், அவரை அறிந்துகொண்ட நொடியில் முழந்தாளிட்டுக் கை நீட்டுகிறாள். அவர் கையில் மண்வெட்டி இருக்கிறது. தம் உற்றாரைப் போரில் பறிகொடுத்து நின்ற மக்கள், இறந்தவர் உயிருடன் எதிரே நிற்கும் அக்காட்சியைத் தேடி வந்ததில் வியப்பென்ன?

பள்ளிக்கு வந்த படம்

இறுதியாக, மாணவியராகிய நமக்கு மிகவும் நெருக்கமான செய்தி ஒன்று. இத்தனை படங்கள் இருந்தும், அவற்றுள் பெண்கள் தீட்டியவை மிகச் சிலவே. 2018-ல் ஓவியக்கூடம் ஆர்தெமீசியா ஜென்டிலெஸ்கியின் ஓவியம் ஒன்றை 36 இலட்சம் பவுனுக்கு வாங்கியது. 1593-ல் உரோமையில் பிறந்த ஆர்தெமீசியா, தந்தையிடம் ஓவியம் பயின்றவர். இளம் வயதிலேயே பெருங்கொடுமைக்கு ஆளாகி, விசாரணையில் விரல்கள் நெரிக்கப்பட்டபோதும் உண்மையையே உரைத்தவர். 1616-ல் பிளாரன்சு நகரின் ஓவியக் கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

அப்படத்தில் அவர் தம்மையே அலெக்சாந்திரியா புனித கத்தரீனம்மாளாகத் தீட்டியிருக்கிறார். ஒரு கை உடைந்த சக்கரத்தின்மேல். மறு கையில் வேதசாட்சியின் குருத்தோலை. நெரிக்கப்பட்ட அந்த விரல்களே இப்படத்தைத் தீட்டின என்பதை எண்ணும்போது நம் உள்ளம் உருகுகிறது.

2019-ல் இப்படம் ஓவியக்கூடத்தை விட்டுப் பயணம் புறப்பட்டது. ஒரு நூலகம், ஒரு மருத்துவ நிலையம், ஒரு பெண்கள் சிறைச்சாலை ஆகியவற்றுக்குச் சென்றது. நியூகாசில் நகரிலுள்ள திரு இருதயக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்கும் சென்றது! நம்மைப் போன்ற சீருடைச் சிறுமியர், நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் கண்களைத் தம் பள்ளியிலேயே நேருக்கு நேர் கண்டனர்.

புகையையும் போரையும் தாண்டி ஓவியக்கூடம் காத்து வந்த கொள்கை இதுவே: கலைச் செல்வம் பூட்டி வைப்பதற்கன்று, பகிர்ந்து கொள்வதற்கே. நம்மிடமும் பாட்டு, படம், பேச்சு, எழுத்து எனக் கடவுள் தந்த திறமைகள் உண்டு. அவற்றைச் சுரங்கத்தில் வைத்துப் பூட்டாமல், பிறர் காணத் திறந்து வைப்போமாக!