உங்களுக்குத் தெரியுமா? தொட்டித் தண்ணீரும் மின்சாரமும்

● 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுக்கும் மின்சாரமே தண்ணீரில் நிற்கும் ஆளின் உயிரைப் பறித்துவிடக்கூடும்! உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே ஆபத்து. அந்தப் பல்பு இழுப்பது சுமார் 40.

● 16 ஆம்பியர் எம்.சி.பி. இவ்வளவு சிறிய மின்கசிவைக் கண்டுகொள்ளாது. அது காப்பது வயரை. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.: போன மின்சாரம் முழுதாகத் திரும்பவில்லை என்றால் கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகப்பில் ‘டி’ என்றொரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.

● நீச்சல் குளத் தண்ணீருக்குள் எரியும் விளக்குக்கு, மாறுமின்சாரத்தில், சர்வதேச விதி அனுமதிப்பது 12 வோல்ட் மட்டும். அண்ணாகிராமம் பக்கம் கோடையில் பிள்ளைகள் குதித்து ஆடும் பம்புசெட் தொட்டியை ஒட்டி ஓடுவதோ 415 வோல்ட் மும்முனை மோட்டார். எர்த் கம்பி இற்றுப்போயிருந்தால் ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுவதுகூட உயிருக்கு உலை.

● வயரிங்குக்குத் தெரிந்தவர், பழகியவர் என்று பார்க்காதீர்கள். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற கம்பியாளையே கூப்பிடுங்கள். அறுந்த கம்பி, மின்கசிவு பற்றிச் சொல்ல மின்வாரியச் சேவை மையமான மின்னகம்: 94987 94987.