நிழலின் நடுவே ஓர் ஒளிப்புள்ளி

தமிழ் கற்பிக்கும் யாம் பௌதிகத்துட் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும், இம்மலரை விரிக்கும் பழைய மாணவர்க்கும் இன்று வகுப்பிலிருக்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்தரும் வரலாறொன்று ஒளியியலில் உண்டு. பெரியோர் கூற்றாயினும் சோதனையின் முன் நின்று நிலைத்தல் வேண்டும் என்பதே அஃது உணர்த்தும் பாடமாகும்.

ஒளி நேர்கோட்டிற் செல்லும் என இளமையிற் கற்றோம். கூர்ந்து நோக்குவோர்க்கோ நிழலின் விளிம்பு அத்துணைத் தெளிவாய்த் தோன்றுவதில்லை. இத்தாலிய அறிஞர் கிரிமால்டி, நுண்டுளையூடு வந்த கதிரில் ஒரு பொருளை வைத்து, அதன் நிழலோரத்தே நிறப்பட்டைகள் தோன்றக் கண்டார். அவர் மறைந்தபின், 1665இல், அந்நூல் வெளிவந்தது. தடையின் ஓரத்தில் ஒளி இவ்வாறு வளைந்து பரவுதலை எமது பாடநூல்கள் கோணல் என்னும். தமிழகத்தார் விளிம்பு விளைவு என்பர்.

இதற்குக் காரணம் யாது? ஒளி அலையாய்ப் பரவுகின்றது என ஒல்லாந்து நாட்டு ஐகென்சு 1690இல் எழுதினார். 1704இல் வெளிவந்த நியூற்றனின் ஒளியியல் நூலோ துணிக்கைக் கொள்கையின் பக்கம் சார்ந்தது. நியூற்றனின் பெரும்புகழால் அக்கொள்கையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஓங்கி நின்றது.

குளத்தில் இரு கற்களை அருகருகே இடுவோமாயின், இரு வட்டங்கள் விரிந்து ஒன்றையொன்று சந்திக்கும். முடியோடு முடி சேருமிடத்து அலை உயரும். முடியோடு தாழி சேருமிடத்து நீர் அடங்கும். இதுவே தலையீடு. இலண்டன் மருத்துவர் தோமசு யங் இதனை ஒளியிலும் கண்டார். 1803இல், அங்குலத்தின் முப்பதிலொரு பங்கு அகலமுள்ள அட்டைத்துண்டை மெல்லிய ஞாயிற்றுக் கதிரிற் பிடித்தார். அதன் நிழலினுள்ளே ஒளியும் இருளும் மாறிமாறிப் பட்டைகளாய்த் தோன்றின. அட்டையின் ஒருபக்கத்து ஒளியை மறைத்தவுடன் அப்பட்டைகள் அகன்றன. எனவே, இருபக்கத்து ஒளியும் கூடியே அவற்றைத் தோற்றுவித்தன என்பது பெறப்பட்டது. ஒளியோடு ஒளி கூடி இருளாதல் துணிக்கைகளுக்கு இயலுமோ? ஆயினும் எடின்பரோவில் வெளிவந்த ஓர் ஏடு யங்கை இகழ்ந்தே எழுதியது.

பின்னர்ப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் கோணல் பற்றி ஒரு பரிசுப்போட்டி நடாத்தியது. வீதிகள் அமைக்கும் பொறியியலாளராகிய பிரெனல், 1818இல், அலைக்கொள்கையைக் கணிதத்தால் நிறுவிக் கட்டுரை அனுப்பினார். நடுவருள் ஒருவராகிய புவசோன் துணிக்கைக் கட்சியினர், பெருங் கணிதர். அவர் அக்கணிதத்தை முடிவுவரை நடாத்தி, "இஃது உண்மையாயின், வட்டத்தட்டின் நிழல் நடுவே ஒளி தோன்றல் வேண்டுமே" எனும் கருத்துப்பட மறுத்தார். தட்டின் விளிம்பெங்குமிருந்து நிழலின் நடுவுக்குள்ள தூரம் ஒன்றே. ஆதலால் அலைகள் யாவும் முடியோடு முடியாய் அங்கே வந்து சேரும். மற்றொரு நடுவராகிய அரகோ வாளாவிருந்தாரல்லர். இரண்டு மில்லிமீற்றர் உலோகத்தட்டொன்றைக் கண்ணாடியில் ஒட்டிச் சோதித்தார். நிழலின் நடுவே ஒளிப்புள்ளி தோன்றிற்று! 1819இல் பரிசு பிரெனலுக்காயிற்று.

அங்ஙனமாயின், சுவருக்கப்பால் நிற்பவர் குரலைக் கேட்கும் நாம் அவர் முகத்தைக் காணாமை என்னை? பேச்சொலியின் அலைநீளம் ஒரு மீற்றர் அளவினது. சுவரோரத்தில் எளிதாய் வளையும். ஒளியின் அலைநீளமோ ஊதாவில் 0.0004 மில்லிமீற்றரும் சிவப்பில் 0.0007 மில்லிமீற்றருமேயாம். ஆதலின் ஒளியின் வளைவு நுண்ணிய இடங்களிலன்றிப் புலப்படாது. இரு விரல்களை ஒரு கண்ணருகே பிடித்து, இடைவெளியை மெல்லக் குறுக்கி, வெளிச்சமான வானத்தை நோக்குக, ஞாயிற்றை நோக்கற்க. விரல்கள் தொடுமுன் இடைவெளியிற் கருங்கோடுகள் தோன்றும். அவை கோணலின் விளைவே.

இவ்வரலாறு இத்துடன் முடிந்ததுமன்று. ஒளியின் சத்தி சிறுசிறு பொதிகளாயும் இயங்கும் என 1905இல் ஐன்சுரைன் காட்டினார். இன்று இவ்விரு இயல்பையும் விஞ்ஞானிகள் ஒருங்கே ஏற்பர்.

மாணவர்காள், புவசோனையும் இகழாதீர்கள். எதிர்க்கட்சியின் கணக்கை இறுதிவரை நேர்மையாய்ச் செய்தமையாலேயே உண்மை வெளிப்பட்டது. ஆசிரியராகிய எம் கூற்றையும் அவ்வாறே மறுத்துக் கேளுங்கள். பின் சோதித்துத் தெளியுங்கள்.