மழைநாளில் ஒலி வேகமாக வருகிறதா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் பாடம் நடத்தும்போது ஒரு செய்தியைச் சட்டென்று கடந்துவிடுகிறோம். ஈரப்பதம் கூடினால் ஒலியின் திசைவேகம் கூடும். மழைக்காலத்தில் தொலைதூர ஒலி தெளிவாகக் கேட்பது அதனால்தான் என்கிறது பாடநூல். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை மாணவர்களோடு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது. எனவே ஈரக்காற்றின் அடர்த்தி குறைவு, திசைவேகம் அதிகம். ஆனால் 30 டிகிரி செல்சியஸில், முற்றிலும் வறண்ட காற்று நீராவியால் நிறைவுற்றாலும் திசைவேகம் 1 சதவீதம்கூட உயராது. வெப்பநிலையோ ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு 0.61 மீட்டர் கூட்டுகிறது. மே மாத நண்பகலில் 40 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 355 மீட்டர். ஐப்பசி மழையில் 25 டிகிரியில், ஈரப்பதத்தையும் சேர்த்து, சுமார் 348 மீட்டர்தான். மழைநாளில் நம் மதுரைப் பக்கம் ஒலி மெதுவாகவே வருகிறது! தேர்வில் பாடநூல் விடையையே எழுதட்டும். ஆனால் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

அப்படியானால் தெளிவு எங்கிருந்து வருகிறது? நாகமலை புதுக்கோட்டையில் மார்கழி விடியலில் எங்கோ பாடும் கோயில் ஒலிபெருக்கி வாசலில் பாடுவதுபோல் கேட்கும். அதுவே பிற்பகலில் பாடினால் முணுமுணுப்புதான். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலுள்ள காற்று சற்றுச் சூடாக இருக்கும். மேலே வேகம் அதிகம் என்பதால் ஒலி தரையை நோக்கி வளைகிறது. பிற்பகலில் தலைகீழ்: தரை கொதிக்க, ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. மேகம் மூடிய மழைநாளில் தரை அவ்வளவு சூடாவதில்லை; அந்த வளைவும் குறைகிறது.

காற்று ஒலியை உறிஞ்சுவதும் உண்டு, குறிப்பாக உயர் அதிர்வெண் ஒலியை. 20 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் 4000 ஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டரில் ஏறக்குறைய 2 டெசிபெல் இழக்கும். வீட்டு அறையின் 3 மீட்டரில் 0.1 டெசிபெல்கூட இல்லை. காது இதை அறியாது. அடைமழையில் பழைய ரேடியோ மந்தமாக ஒலித்தால் காற்றைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஈரம் உறிஞ்சி எடை கூடி, விறைப்பு குறைந்திருக்கலாம். ஈரத்தில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்குவது மாணவர்களுக்குக் காட்ட எளிய எடுத்துக்காட்டு. பள்ளி ஒலிபெருக்கிப் பெட்டியை ஓதம் ஏறும் சுவரோரம் வைக்காதிருப்பது நல்லது.

மாணவர்கள் ஒரு வாரம் குறிப்பெடுக்கலாம்: எந்தத் தொலைதூர ஒலி, எத்தனை மணிக்கு, வானம் எப்படி, காற்று எந்தப் பக்கம். தேனி சாலையின் வாகன இரைச்சலையும் ஒரு கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். விடியலில் அது அடங்கியிருப்பதும் தெளிவுக்கு ஒரு காரணம்.