கோல நோட்டும் ஆறு முடிச்சுகளும்



நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கோல நோட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பொங்கலுக்கு முன் வீடு வீடாகக் கைமாறும் பழைய பள்ளிக்கூட நோட்டு அது. அதற்கு ஐரோப்பாவில் ஓர் உறவு உண்டு.

15, 16ஆம் நூற்றாண்டுகளில், மறுமலர்ச்சிக் காலத்தில், அங்குள்ள ஓவியர்கள் கொடி, பூ, பின்னல் வடிவங்களை மரக்கட்டையிலும் செப்புத் தகட்டிலும் செதுக்கி, தாளில் அச்சடித்து விற்றார்கள். பொற்கொல்லரும் தச்சரும் அவற்றைப் பார்த்து வேலை செய்தார்கள். 1520-களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பூத்தையலுக்கென்றே மாதிரிப் புத்தகம் வந்தது. கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டுக் கரித்தூளைத் தட்டினால் வடிவம் துணியில் இறங்கிவிடும். இன்று ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர்கள் கையாள்வதும் ஏறக்குறைய இதே முறைதான். இப்படிக் குத்திக் குத்தியே பல புத்தகங்கள் கிழிந்து போயின.

அல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் 1506-07 வாக்கில், லியோனார்டோ டா வின்சியின் பெயர் தாங்கிய பின்னல் படங்களைப் பார்த்து ஆறு அச்சுப் படங்கள் செய்தார். கருப்புத் தரையில் வெள்ளை இழை வளைந்து பின்னிச் செல்லும். பார்த்தால் நம் சிக்குக் கோலம் போலவே இருக்கும். 'ஆறு முடிச்சுகள்' என்று அவரே பெயர் சொல்லி, ஆண்ட்வெர்ப்பில் ஒரு கண்ணாடி ஓவியருக்கு அனுப்பியதாகப் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி இந்த முடிச்சுகளைப் பற்றி 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். உலகத்தையே கோத்து நிற்கும் ஒரே இழையை அவர் அவற்றில் கண்டார்.

ஒன்றைப் பார்த்து மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அச்சுப் படம் வடிவத்தை மட்டுமே தரும். கோல நோட்டோ '15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை' என்று கணக்கையும் சேர்த்துத் தரும். அதனால் கோலத்தைச் சின்ன வாசலுக்கும் போடலாம், கோயில் திடலுக்கும் போடலாம்.

டியூரரின் தாள்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் நோட்டுகள் எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான் வீடுகளுக்கு மாறியபோது பல நோட்டுகள் பழைய தாளோடு தாளாகப் போய்விட்டன. வாசலில் இப்போது ஒட்டுக் கோலம்.

இந்த வாரம் உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நோட்டு கிடைத்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். அத்தோடு பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். அதிலிருந்து ஒரு கோலத்தையாவது பிள்ளைகளின் கையால் வாசலில் போடச் சொல்லுங்கள்.