மழை விட்டாலும் விடாத மலேரியா கொசு

சென்னைவாசிகளுக்கு மலேரியா கொசு என்றால் மாடித் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். ஒடிசாவின் கோராபுட், மல்கான்கிரி காட்டுப் பகுதிகளில் கதையே வேறு. அங்கே இரண்டு கொசுக்கள் முறைவைத்து வருகின்றன.

மழைக்காலத்தில் வயலிலும் குட்டையிலும் பெருகுவது அனாபிலஸ் க்யூலிசிஃபேசிஸ். மனிதரைவிட மாட்டு ரத்தம்தான் இதற்கு அதிகம் பிடிக்கும். ஆனாலும் பெருங்கூட்டமாக வருவதால் ஆபத்துதான்.

மழை ஓய்ந்து, காட்டோடைகளில் தண்ணீர் தெளிந்து மெல்ல ஓடத் தொடங்கியதும் அடுத்தது ஆரம்பம்: அனாபிலஸ் ஃப்ளூவியாடிலிஸ். ஓடையோரப் புல்லடியில் பெருகி, ராத்திரியில் மனிதரையே தேடி வந்து கடிக்கும். இது அதிகமாக இருப்பது குளிர்காலத்தில். 'மழைதான் போய்விட்டதே' என்று கொசுவலையை மடித்து வைக்கத் தோன்றும் மாதங்கள்!

இன்னொரு சிக்கலும் உண்டு. மலேரியா அடிக்கடி வந்துபோகும் ஊர்களில், காய்ச்சலே இல்லாமல் சிலர் ரத்தத்தில் கிருமி தங்கிவிடும். அவரைக் கடித்த கொசு, அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

அதனால்தான் ஒடிசா அரசு 2017-ல் தொடங்கிய 'தமன்' திட்டத்தில், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, எட்டாத காட்டு கிராமங்களில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இருந்தால் உடனே மருந்து. முகாம் மழைக்கு முன் ஒருமுறை, மழை முடியும்போது இன்னொரு முறை. ஓடைகள் தெளியத் தொடங்கும் நேரம் அது.