முகாமையாளர் கழகம் மாறுவது ஏன்?

உதைபந்தாட்டக் கழகமொன்றின் முகாமையாளர் தம் பதவியைத் துறந்து வேறொரு கழகத்துக்குச் செல்லும்போது, பணத்தாசையே அவரை ஈர்த்தது என்று கூறிவிடுதல் எளிது. பணமும் ஒரு காரணமாதல் உண்டு. ஆயினும் அதுவே முழுக் காரணமாவது அரிது. இதனை நேயர்கள் விளங்கிக்கொள்வதற்கு ஹேபேட் சப்மன் என்னும் ஆங்கிலேயரின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

இங்கிலாந்தின் வட பகுதியில், யோர்க்சயர் மாகாணத்தில் உள்ளது ஹடர்ஸ்பீல்ட். கம்பளி நெசவாலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம் அது. அந்நகரத்தாரின் உள்ளத்தில் ரக்பி ஆட்டமே முதலிடம் பெற்றிருந்தது. 1919ஆம் ஆண்டில் அங்கிருந்த உதைபந்தாட்டக் கழகத்தை அயல் நகரமாகிய லீட்சுக்கு மாற்றிவிடவும் முயற்சி நடந்தது. நகர மக்கள் எதிர்த்து நின்றதனாலேயே கழகம் பிழைத்தது. இத்தகைய கழகத்தின் பொறுப்பினைச் சப்மன் 1921ஆம் ஆண்டில் ஏற்றார். அடுத்த ஆண்டிலேயே அது எப். ஏ. கிண்ணத்தை வென்றது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் லீக் வெற்றியும் அதற்கே உரியதாயிற்று.

இவ்வாறு புகழின் உச்சியில் நின்ற வேளையில், 1925ஆம் ஆண்டில், சப்மன் இலண்டன் நகரத்து ஆர்சனல் கழகத்துக்குச் சென்றார். அவ்வாண்டு லீக் வரிசையில் ஆர்சனல் பெற்ற இடம் 20. முதலிடத்தை விட்டு இருபதாம் இடத்துக்குச் செல்வார் உளரோ என்று பலரும் வியந்திருத்தல் கூடும்.

ஆர்சனல் அளிக்க முன்வந்த சம்பளம் ஆண்டுக்கு 2,000 பவுண். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனால் சம்பளத்தினும் பெரியதொன்று இலண்டனில் இருந்தது. சிறு நகரத்துக் கழகம் எத்துணை வெற்றி பெறினும், அதன் ஆட்டத்தைக் காண வருவோர் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. அக்காலத்தில் வாயிற் கட்டணமே கழகத்தின் முதன்மையான வருவாயாக இருந்தது. அவ்வருவாயைக் கொண்டே நல்ல ஆட்டக்காரரைப் பெறவேண்டியிருந்தது. ஆர்சனலின் ஹைபரி மைதானமோ மாநகரின் நடுவே, நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தின் அருகே அமைந்திருந்தது. அங்கே வளர்ச்சிக்கு இடமிருந்தது. அன்றியும், அதுவரை இலண்டன் கழகம் எதுவும் லீக் வெற்றி பெற்றதில்லை. செய்து முடிக்கப்படாத வேலை ஆற்றலுடையாரை அழைப்பது இயல்பே.

புதிய இடத்தில் வெற்றி உடனே கிட்டவில்லை. ஓவ்சைட் விதி அவ்வாண்டிலேயே மாற்றப்பட்டது. தாக்குபவருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்த விதி, இருவர் இருந்தாற் போதும் என்றாயிற்று. ஒக்டோபர் மாதத்தில் நியூகாசில் அணி ஆர்சனலை 7–0 என்று தோற்கடித்தது. அதன் பின்னர், அனுபவமிக்க ஆட்டக்காரராகிய சாளி பக்கன் கூறிய யோசனையை ஏற்று, மத்திய ஆட்டக்காரரைச் சப்மன் பின்வரிசைக்கு இறக்கினார். அணியும் நிமிர்ந்தது. எனினும் 1926இல் ஆர்சனல் இரண்டாம் இடத்தையே பெற்றது. முதலிடம் பெற்றது, அவர் விட்டுவந்த ஹடர்ஸ்பீல்ட்!

சப்மன் போன பின்னரும் அக்கழகம் வென்றமை அவர் இட்ட அடித்தளத்தின் உறுதியைக் காட்டுகின்றது. ஆயினும் அதன் பின்னர் ஹடர்ஸ்பீல்ட் லீக் வெற்றி பெற்றதேயில்லை. 1930ஆம் ஆண்டு எப். ஏ. கிண்ண இறுதி ஆட்டத்தில் இரு கழகங்களும் வெம்பிளியில் எதிர்நின்றன. ஆர்சனல் 2–0 என்று வென்றது. 1931இலும் 1933இலும் லீக் வெற்றியும் அதனை வந்தடைந்தது. 1934ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சப்மன் நிமோனியா நோயால் மறைந்தார். ஆர்சனலோ அவ்வாண்டும் மறு ஆண்டும் முதலிடத்திலேயே நின்றது.

ஆகவே, முகாமையாளர் ஒருவர் கழகம் மாறும்போது கேட்கவேண்டிய வினா, அவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது மட்டுமன்று. விட்டுச்சென்ற இடத்தில் எதை நிலைநிறுத்தினார், சென்ற இடத்தில் எதைக் கட்டியெழுப்ப விழைந்தார் என்பவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். பிரிவினால் ஹடர்ஸ்பீல்ட் மக்கள் அடைந்த இழப்பு மெய்யானதே. அவ்விழப்பை மறவாமலே, ஆற்றல் தனக்கேற்ற களத்தை நாடுவதையும் உணர்தல் நடுநிலையாகும்.